பேபியைச் செல்வியாக்கிய மாமாவுக்கு

மாமா,

ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்ததுமே அந்த நெடி மூக்கில் ஏறிவிட்டது. பெயிண்டும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த நெடி. உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேனர் சொல்லத்தான் போயிருந்தேன். அத்தை கொடுத்தனுப்பிய உன் போட்டோவை ஏற்றி, பின்னால் நீல வானத்தையும் இரண்டு வெள்ளைப் புறாக்களையும் வைத்துவிட்டு, கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

“நீங்க பேபி தில்லை தானக்கா?”

அவருக்கு என்னைவிட வயது கூடத்தான் இருக்கும். ஆனாலும் நான் அக்கா, அதே வாயில் பேபி. ஆமாம் என்றேன். “கீழ துயரத்தில் வாடும்னு போட்டு, பேபி தில்லைன்னே பேர் போட்டுருவோமா? அப்பதான் ஜனங்களுக்குப் புரியும்” என்றார். முப்பதைத் தாண்டியவளை, மூக்குக்கண்ணாடி போட்டவளை, வகிட்டோரம் நரை எட்டிப் பார்க்கிறவளை, தாய்மாமனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளைப் பேபி என்கிறார். நான் உன் புறாக்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இருந்திருந்தால் அவர் தோளில் கையைப் போட்டு, “இன்னாப்பா, பேபிக்கு நரைச்சிப் போச்சி, பாக்கலியா?” என்றிருப்பாய்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூர் வருவதாக இருந்தேன். நீ வெள்ளிக்கிழமையே, ஹார்பரில் வண்டியில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோதே, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் கேட்க நினைத்தது இதுதான். சின்ன வயதில் நான் அம்மனாக நடித்த அந்தப் படத்தைத் துடைத்து மெருகேற்றித் திரும்பவும் வெளியிடப் போகிறார்களாம். அதற்கு டி.வி.யில் ஒரு பெரிய நிகழ்ச்சி. மேடையில் அதே சிம்மாசனம், அதே கிரீடம், என் இப்போதைய அளவுக்குத் தைத்த அதே சிவப்புப் பாவாடை. நான் போய் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை கண்ணை உருட்டினால் போதுமாம். “பேபி தில்லை இஸ் பேக்னு புரோமோ போட்டுடலாம் மேடம்” என்று அந்த டி.வி. பையன் வாரத்துக்கு நாலு தடவை போன் செய்கிறான். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, இல்லை என்று சொல்ல யாரும் என்னைப் பழக்கவில்லை. சினிமாவில் குழந்தைக்கு அந்த வசனம் கிடையாது.

கண்ணை உருட்டப் பழக்கியது நீ. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் சிதம்பரத்தில் அந்த ஓட்டு வீட்டில் தனியாகக் கிடந்த காலத்தில், கடலூரிலிருந்து வந்து போகும்போதெல்லாம் என்னை மடியில் போட்டுக்கொண்டு பூச்சாண்டி காட்டுவாய். நான் அழாமல் திருப்பி உருட்டுவேன். “அக்கா, ஒம் பொண்ணு என்னியே பயமுறுத்துது” என்பாய். பிறகு பிச்சாவரம் பக்கம் ஷூட்டிங் வந்ததும், தீச்சட்டியைப் பார்த்து அவர்கள் கூட்டிவந்த குழந்தை அலறியதும், வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நான் அம்மாவின் இடுப்பிலிருந்து டைரக்டரை முறைத்ததும் ஊருக்கே தெரிந்த கதை. எனக்கு அப்போது ஏழு வயது. தில்லைநாயகி என்ற பெயர் நீளமாக இருக்கிறது என்று பாதியை வெட்டிவிட்டு, முன்னால் பேபியை ஒட்டினார்கள்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. தியேட்டரில் கற்பூரம் கொளுத்தினார்கள், சாமி வந்து ஆடினார்கள். நாங்கள் வெளியே போனால் வயதான பெண்கள்கூட என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தார்களா, மாமா? தேர் பார்க்கப் போனால் என்னைப் பார்க்கக் கூட்டம் கூடிவிடும் என்று அம்மா கூட்டிப் போவதில்லை. தெருப் பிள்ளைகள் என்னைப் பாண்டியாட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. நான் தோற்றால் ஜெயித்தவள் கண் அவிந்துவிடும் என்று அவர்கள் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள்.

அடுத்தடுத்து படம். ஒன்றில் அம்மன், ஒன்றில் கடைசி ரீலில் செத்துப்போகிற மகள், திரும்பவும் அம்மன். பால் பல் விழுந்தபோது ஷூட்டிங் பாதியில் நின்றது. கீழவீதி பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு பொய்ப்பல் செய்து மாட்டினார்கள். புதுப் பல் அதை முட்டிக்கொண்டு முளைத்தது. ராத்திரியில் ஈறு வலிக்கும். முளைக்கிறதே தப்பு என்பதுபோல அம்மா என்னைப் பார்ப்பாள். வருடங்கள் போய்க்கொண்டே இருந்தன, பேட்டியில் எனக்கு மட்டும் எட்டு வயது நகரவே இல்லை.

நீ வந்தால்தான் எனக்கு வயிறு நிறையும். அம்மனாக நடிக்கிற பிள்ளை மீன் தின்னாது என்று ஊர் நம்பியது. உடம்பு போட்டுவிடும் என்று அம்மா சோற்றைக் கரண்டியால் அளந்து போட்டாள். நீ வாழையிலையில் சுருட்டி, அதன் மேல் நாலு முழம் மல்லிகைப்பூ வைத்து மூடி, சாமிக்குக் கொண்டுவருவதுபோல வறுத்த வஞ்சிரத்தைக் கொண்டுவருவாய். ஜன்னலைச் சாத்திவிட்டு நான் தின்பேன். அம்மா திட்டுவாள். “ஒடம்பு ஏறிச்சின்னா இன்னாடா பண்றது, கூப்புடுவானா?” நீ முள்ளை எடுத்துக்கொண்டே, “புள்ள வளராம பின்ன தேயுமா?” என்பாய். அம்மாவைக் கெட்டவள் என்று நான் எழுதவில்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே நான் குட்டியாக இருந்ததால்தான்.

பிறகு அந்த ஆவணி மாதம். பெரிய படம் ஒன்று பேசி முடித்து அட்வான்ஸ் வாங்கியிருந்த நேரத்தில் நான் வயதுக்கு வந்தேன். நம் பக்கம் இப்படி ஒரு சேதி என்றால் வீடு எப்படி ஆகும்? குடிசை கட்டப் பச்சை ஓலை வரும், தெருப் பெண்கள் வருவார்கள், வாய் ஓயாத கேலி நடக்கும். எங்கள் வீட்டில் அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, தில்லை. தெரிஞ்சா பேபின்னு எவனும் போட மாட்டான்” என்றாள். நான் பின்கட்டு அறையில் இருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று தெருவுக்குச் சொல்லப்பட்டது. கேட்க ஆயிரம் இருந்தது. கேட்கலாமா என்றே தெரியவில்லை. கிணற்றுக்குள் போட்டு மூடி வைத்ததுபோல இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் அம்மா ஒரு காரியம் செய்தாள். தாய்மாமனுக்கு முதலில் சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு ஆகாது. ஊரையே ஏமாற்றத் துணிந்தவளுக்கு அந்த ஒன்றை மீற மனம் வரவில்லை. உனக்குப் போன் செய்தாள். சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியமும் வாங்கினாள். அதை நான் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்கவில்லை. அம்மா மட்டும், “சரிடா, சரிடா” என்று அழுதாள்.

மூன்றாம் நாள் காலை தெருமுனையில் மேளச் சத்தம். யார் வீட்டுக் கல்யாணமோ என்று நினைத்தேன். சத்தம் நம் வாசலில் வந்து நின்றது. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் உன் குட்டியானை வண்டி. மீன் வாடை போகக் கழுவிவிட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தாய். அத்தையும் கடலூர் ஓல்டு டவுனில் உன் தெருப் பெண்களும் சீர்த்தட்டோடு இறங்குகிறார்கள். வண்டிக் கூரை மேல் பச்சைத் தென்னங்கீற்று. முன்னால் கண்ணாடிக்குக் கீழே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். ‘எங்கள் குலவிளக்கு செல்வி தில்லைநாயகியின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கும் தாய்மாமன்.’ கிரீடம் இல்லாத என் போட்டோ உன்னிடம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்து பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தாய், மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் புள்ளி புள்ளியாக இருந்தது. ஆனால் பெயர் தெளிவாக இருந்தது. பேபி இல்லை. செல்வி. முழுப் பெயர். நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

நாலு வீதியும் சுற்றிவிட்டுத்தான் வந்திருந்தாய் என்பது அப்புறம் தெரிந்தது.

அம்மா தெருவில் இறங்கி உன்னைத் திட்டிய திட்டு இன்றைக்கும் அந்தத் தெருவில் பேச்சாக இருக்கிறது. “படிச்சிப் படிச்சி சொன்னனேடா பாவி, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு.” நீ தலையைச் சொறிந்துகொண்டு, “மெட்ராஸ்காரனுக்குத் தெரியக்கூடாதுன்னுதானக்கா சொன்ன? நான் சிதம்பரத்துல மட்டுந்தான சுத்துனேன்?” என்றாய். தெருவே சிரித்தது. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அன்று சாயங்காலப் பேப்பரில் உன் வண்டியும் பேனரும் படமாக வந்தன. இரண்டே நாளில் மெட்ராஸிலிருந்து போன் வந்தது. வேறு குழந்தையைப் பார்த்துவிட்டார்களாம்.

அதோடு முடிந்தது பேபி தில்லையின் சினிமா. நம் சொந்தத்தில் உன் பேரே வெவரங்கெட்டவன் என்று ஆனது. எந்த விசேஷத்திலும், “அவன்கிட்ட ஒண்ணுஞ் சொல்லாதீங்க, மேளம் வெச்சிருவான்” என்பார்கள். அம்மா உன்னோடு பேசுவதை விட்டாள். கல்யாண வீடுகளில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீ எதிரே உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாய்.

ஆனால் மாமா, அந்த ஓலைக்குள் நான் இருந்த நாட்கள் எப்படி இருந்தன என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நல்லெண்ணெய் மிதக்க மிதக்க உளுந்தங்களி. யாரும் கரண்டியால் அளக்கவில்லை. என்னைப் பாண்டியாட்டத்தில் சேர்க்காத பெண்கள் ஓலையைச் சுற்றி உட்கார்ந்து, கிண்டல் செய்து, என் காலை மிதித்து, என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றார்கள். அம்மனின் தட்டிலிருந்து யாராவது பிடுங்கித் தின்பார்களா? நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஆனால் வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்தது தப்பு. சினிமா என்னை விட்டது, அம்மன் விடவில்லை. கல்லூரியில் பேராசிரியர், “எங்கே, ஒரு தடவை” என்று கண்ணை உருட்டச் சொல்லுவார். திட்டக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பையனுக்குப் பிடித்திருந்தது. அவன் அம்மாதான், “அம்மனைக் கொண்டாந்து வீட்ல வெச்சிக்கிட்டு நான் எப்புடி பாத்திரம் தேய்க்கச் சொல்றது?” என்று எழுந்து போனாள். அதை உன்னிடம் சொன்னபோது தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டலைத் துப்பித் துப்பிச் சிரித்தாய்.

இப்போது நான் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். சின்னக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், “நீங்க தலையில கைய வெச்சா எல்லாம் நல்லா வந்துரும்மா” என்கிறார்கள். எப்படி மறுப்பேன்? வைக்கிறேன். ரிப்போர்ட் மோசமாக வந்தால் அவர்கள் போகும்போது என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. லால்பேட்டையிலிருந்து பேத்தியைக் கூட்டிவந்த ஒரு பாய் வீட்டு அம்மா மட்டும் என்னை யாரென்று தெரியாமல், “ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம் ஒக்கார வெப்பே?” என்று அதட்டினார். அன்று முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒருமுறை உன்னிடம் கேட்டேன். “மாமா, நெசமாவே புரியாமதான் அன்னிக்கி மேளத்தோட வந்தியா?” நீ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். ஆலப்பாக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. “எனக்கு இன்னாத்த வெவரம் தெரியும்?” என்று சொல்லிவிட்டு, கேட் திறக்கிறதா என்று எட்டிப் பார்த்தாய்.

பதில் உன் வீட்டில்தான் கிடைத்தது, உன் காரியத்தன்று. அம்மா உன் வாசல் மிதித்து எத்தனை காலம். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர் ஒருவர் பழக்கதோஷத்தில், “பாவம், வெவரங்கெட்ட மனுசன், ஆனா மனசு வெள்ளை” என்றார். அம்மா சட்டென்று திரும்பினாள்.

“யாரு வெவரங்கெட்டவன்? சீர் கொண்டாறதுக்கு மொத நாளு எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் வந்தான்.”

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அத்தை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். “யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டன்தான், ஆனா அத மீறப் போறேங்க்கா, நாளைக்கி மேளத்தோட வரேன்னான். நீ சரின்னு சொன்னா சினிமாக்காரன் அட்வான்ஸக் கேட்டு ஒன்னியப் புடிப்பான், வேணாம்னு சொன்னா புள்ள வாழ்க்க பூரா ஒன்னியக் கேக்கும். நீ ஒண்ணுமே சொல்லாத, போன வெச்சிட்டு என்னியத் திட்ட ரெடியா இருன்னான். நான் வெச்சிட்டேன். வெச்சிட்டு உளுந்து மாவு திரிக்கப் போனேன். மேளம் வந்து எறங்குன ஒடனே களி எப்புடி வந்துச்சின்னு நீ ஒரு நாளாச்சும் கேட்டியா?”

“அப்பறம் ஏம்மா இத்தினி வருசம் பேசாம இருந்த?” என்றேன்.

“மொதல்ல சினிமாக்காரனுக்காகத் திட்டுனேன். அப்பறம் திட்டுறத நிறுத்துனா ஏன்னு கேப்பாங்களேன்னு திட்டுனேன். அப்பறம் எப்புடி நிறுத்துறதுன்னே தெரியல, தில்லை.” அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. உடன்பிறந்தவனைக் கட்டிக்கொண்டு அழ உடம்புகூட இல்லாத நாளில்.

எங்கள் வீட்டில் நன்றாக நடித்தது நான் இல்லை, மாமா. என்னை ஒரு வேஷத்திலிருந்து இறக்கிவிட நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டீர்கள். கடைசிவரை கலைக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. டி.வி. பையன். எடுத்தேன், வழக்கம்போல, “நான் யோசிச்சி...” என்று இழுத்தேன். அம்மா கையை நீட்டினாள். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் பேபி தில்லை, பேபி தில்லை என்று படபடவென்று சொல்வது எனக்கே கேட்டது. அம்மா முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“தம்பி, எம் பொண்ணு பெரிய மனுசி ஆயி ரொம்ப வருசம் ஆச்சே. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?”

வைத்துவிட்டாள். நான் அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தெருவைக் கூட்டி அம்மா சொல்லவேண்டிய சேதி அது. இருபது வருடம் பிந்தி, உன் படத்துக்கு முன்னால் சொன்னாள்.

எனக்கு எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை ஸ்கேன் சென்டரில் இரண்டு குழந்தைகளின் தலையில் கை வைத்தேன். இந்தப் பையன் போனால் இன்னொரு சேனல்காரன் கூப்பிடுவான். அம்மாவுக்கும் வயதாகிறது, ஒவ்வொரு போனையும் அவளே வாங்கமுடியாது. அதனால் வேலை முடிந்து நடந்து வரும்போது அவள் சொன்னதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பக்கம் பக்கமாக வசனத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தவள் நான். இந்த ஒரு வரி மட்டும் பாதியிலேயே நின்றுவிடுகிறது, மாமா. நாளைக்கும் சொல்லிப் பார்ப்பேன்.

உன்,
தில்லைநாயகி